இரட்டைப் பிறவியா, ஓரகத்தியா?

சேலத்தில் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு இலவசச் சோதனைச் சாலை இருக்கிறது. கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு அடிவாரம் வரைக்கும் சமவெளி. அதற்கப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் எல்லா வண்டியும் சாதுதான். மலை ஏறும்போதுதான் வண்டவாளம் தெரியும். எந்தக் கதவு கிறீச்சிடுகிறது, எந்த டேஷ்போர்டு கடகடக்கிறது, எந்த ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வளைவுக்கு ஒரு ரகசியம் வெளியே வரும்.

அந்த ரோட்டில் பழைய ரெனோ டஸ்டர் ஏறும், பின்னாலேயே ஒரு நிஸ்ஸான் டெரானோவும் ஏறும். உடனே பட்டிமன்றம் ஆரம்பம். “டஸ்டர்னா டாங்கிங்க... இடிச்சாலும் அசையாது” என்று ஒரு கட்சி. “டெரானோ ஜப்பான்காரன் சரக்குங்ண்ணா... ஃபினிஷிங்கே வேற” என்று எதிர்க்கட்சி.

இரண்டு கட்சிக்கும் ஒரு தகவல். இரண்டும் பிறந்தது ஒரே பிரசவ வார்டில். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ-நிஸ்ஸான் கூட்டு ஆலை. டாங்கியைச் செய்தது பிரெஞ்சுக்காரரும் இல்லை, ஃபினிஷிங் பார்த்தது ஜப்பான்காரரும் இல்லை. எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான்.

அந்த ஆலையில் இது முதல் ஜோடியும் அல்ல. 2010-ல் நிஸ்ஸான் மைக்ரா வந்தது; 2012-ல் அதே கார் ரெனோ பல்ஸ் என்று பெயர் மாற்றி வந்தது. 2011-ல் நிஸ்ஸான் சன்னி; அடுத்த வருஷமே ரெனோ ஸ்காலா. 2012 ஜூலையில் டஸ்டர். 2013 அக்டோபரில் டெரானோ. டெரானோவுக்கு முகம், விளக்கு, பம்பர், பின்கதவு, டேஷ்போர்டில் கொஞ்சம் என்று மாற்றினார்கள். எலும்புக்கூடும், 1.5 லிட்டர் டீசல் எஞ்சினும் அதேதான். புருவம் திருத்தி, பொட்டு மாற்றி வைத்த அதே பெண்!

விலையைப் பாருங்கள். டஸ்டர் வந்தபோது ஆரம்ப விலை 7.19 லட்சம். டெரானோ வந்தபோது 9.59 லட்சம். பார்த்த உடனே “பொட்டுக்கு ரெண்டரை லட்சமா?” என்று கேட்கத் தோன்றும். அது நியாயமில்லை. டெரானோவில் ஒன்றுமே இல்லாத அடிமட்ட மாடலை விற்கவில்லை. இடையில் டஸ்டர் விலையும் ஏறிவிட்டது. ஒப்பிடுவதானால் ஒரே எஞ்சின், ஒரே வசதிகள் உள்ள மாடல்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தாலும் ஒரு தொகை மிஞ்சும். அதுதான் பேட்ஜின் விலை. மதிப்பு வேண்டுகிறவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதை ‘தரம்’ என்ற தலைப்பில் செலவுக் கணக்கு எழுதாதீர்கள்.

சேலம்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரே தறியில் இறங்கிய வெண்பட்டு வேட்டிகள் இரண்டு கடைக்குப் போனால் இரண்டு லேபிள், இரண்டு விலை. நூல் ஒன்று, கை ஒன்று. அங்கே ஏமாறாத நாம் கார் ஷோரூமில் ஏமாறுகிறோம். ஏ.சி. குளிர் அப்படி!

அப்படியானால் சகோதர பிராண்டுகளுக்குள் வித்தியாசமே கிடையாதா? உண்டு. நாம் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

2019-ல் டொயோட்டா கிளான்ஸா வந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மாருதி பலேனோவேதான், செய்ததும் சுஸுகியின் குஜராத் ஆலை. ஆனால் அப்போது மாருதி கொடுத்த வாரன்டி 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். டொயோட்டா கொடுத்தது 3 வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். இரும்பு ஒன்று, பொறுப்பு வேறு! அதே காருக்கு ஒருவர் கூடுதலாக ஒரு வருஷம் கையெழுத்துப் போடுகிறார். மாருதி தன் வாரன்டியை அந்த அளவுக்கு உயர்த்த 2024 ஆகிவிட்டது. நடுவே அந்த ஐந்து வருஷத்தில் பலேனோ வாங்கினவர்களில் எத்தனை பேர் இந்த வரியைப் படித்திருப்பார்கள்? அலாய் வீல் டிசைனைப் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரிது. உயிர் சம்பந்தப்பட்டது.

டஸ்டரையும் டெரானோவையும் நாம் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தபோது, குளோபல் என்கேப் என்ற அமைப்பு வேறொரு ஒப்பீட்டைச் செய்தது. 2017-ல் ஏர்பேக் இல்லாத இந்திய டஸ்டரை மோதிப் பார்த்தார்கள். பெரியவர்கள் பாதுகாப்பில் நட்சத்திரம் பூஜ்யம். டிரைவருக்கு ஏர்பேக் வைத்ததை மோதினார்கள். மூன்று நட்சத்திரம். இங்கே ஒரு சங்கதி வெளியே வந்தது. லத்தீன் அமெரிக்காவில் விற்ற டஸ்டர் 2011-லேயே நான்கு நட்சத்திரம் வாங்கியிருந்தது. அந்த வண்டிக்கு வைத்த ஏர்பேக் பெரிது. நமக்கு வைத்தது சின்னது.

அதாவது, நாம் தேட வேண்டிய சகோதரன் பக்கத்து ஷோரூமில் இல்லை. பக்கத்துக் கண்டத்தில் இருந்தான். அதே பெயர், அதே பேட்ஜ், அதே முகம். உள்ளே இருக்கும் பை மட்டும் ஊருக்குத் தகுந்த மாதிரி. பட்டிமன்றத்தில் யாராவது இதைப் பேசினார்களா?

அந்தக் கூட்டணியின் சின்ன வண்டிகளும் தப்பவில்லை. 2014-ல் டட்சன் கோ பூஜ்யம் வாங்கியது. உடற்கூடே உறுதியில்லை, இதில் ஏர்பேக் வைத்தும் பெரிய பிரயோஜனம் இருக்காது என்றது அந்த அமைப்பு. 2016-ல் ரெனோ க்விட்டுக்கும் பூஜ்யம். இத்தனைக்கும் அதே ஒரகடத்திலிருந்து எண்ணூர் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு மைக்ரா கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. கேட்கிறவர்களுக்குக் கொடுத்தார்கள். நாம் ‘மைலேஜ் என்ன?’ என்று மட்டும் கேட்டோம், அதைக் கொடுத்தார்கள்.

இதில் கம்பெனிகளை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. டிரைவர் ஏர்பேக்கைக் கட்டாயமாக்க நமக்கு 2019 ஜூலை வரை ஆயிற்று. சொந்தமாக பாரத் என்கேப் ஆரம்பித்தது 2023 அக்டோபரில். அதற்குப் பிறகு, இப்போது எல்லா விளம்பரத்திலும் நட்சத்திரம் ஜொலிக்கிறது. நாம் கேட்க ஆரம்பித்தால் அவர்கள் செய்ய ஆரம்பிப்பார்கள் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

சகோதர பிராண்டு என்றாலே இரட்டைப் பிறவி என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஏரியில் உல்லாசமாகச் சுற்றும் மோட்டார் படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சீ ரே, பேலைனர் என்று இரண்டு பிரபல பெயர்கள். இரண்டையும் 1986-ல் பிரன்ஸ்விக் என்ற ஒரே கம்பெனி வாங்கியது. அதற்காக இரண்டும் ஒன்றா? இல்லை. சீ ரே வசதியானவர்களின் படகு. பேலைனர், படகு, எஞ்சின், இழுத்துப்போக ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று நடுத்தரக் குடும்பத்தைத் தண்ணீரில் இறக்கிய படகு. இவை வேறு வேறு வீட்டில் பிறந்து, ஒரே வீட்டுக்கு வாழ வந்தவை. நம்ம பாஷையில் ஓரகத்திகள். மாமனார் ஒருவர் என்பதற்காக இரண்டு மருமகள்கள் வைக்கும் குழம்பும் ஒரே ருசியாக இருக்குமா?

ஆகவே, ‘ரெண்டும் ஒரே கம்பெனிதானே’ என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி இதுதான்: இரட்டைப் பிறவியா, ஓரகத்தியா? இரட்டை என்றால் இரும்பை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். விலை, வாரன்டி, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், விற்கப் போனால் என்ன கிடைக்கும் — இந்த நாலையும் பாருங்கள். ஓரகத்தி என்றால் ஒரே முதலாளி என்ற தகவலுக்கு மதிப்பே இல்லை. அக்குவேறு ஆணிவேறாகத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் கற்றுக்கொள்ளலாம். அங்கே சேஸிஸ் ஒரே கம்பெனியிலிருந்து வரும். பாடி கட்டுகிற பட்டறைக்குப் பட்டறை வேறு. லாரிக்காரர் பெயின்ட்டில் மயங்கமாட்டார். “மேலுக்குப் பாக்காதீங்ண்ணா, குனிஞ்சு அடியில பாருங்க” என்பார். வெல்டிங் ஒரே சீராக ஓடுகிறதா, குறுக்குச் சட்டம் எத்தனை, தண்ணீர் தங்குகிற மூலை எங்கே என்று பார்ப்பார். காருக்கும் அதே பாடம்தான். கதவு மூடும் சத்தத்தை வைத்துத் தரம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ரப்பர் பீடிங்கை மாற்றினால் அந்தச் சத்தமும் மாறும். கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா, பானெட்டுக்கு உள்ளே துரு இருக்கிறதா, மோதல் சோதனையில் உடற்கூடு பற்றி என்ன எழுதினார்கள் — இவை பேசும்.

டெரானோ 2020-லும், பழைய டஸ்டர் 2022-லும் விடைபெற்றன. 2025-ல் ஒரகடம் ஆலை முழுக்க ரெனோ கைக்குப் போய்விட்டது. ஆனாலும் நிஸ்ஸான் வண்டிகளுக்கும் அதுதான் தாய்வீடு. அதே வருஷம் அக்டோபரில் நிஸ்ஸான் டெக்டான் என்று ஒரு பெயரை அறிவித்தது. அது வேறு யாருமில்லை, புது டஸ்டரின் கூடப்பிறந்ததுதான்.

ஏற்காடு ரோட்டுப் பட்டிமன்றம் மறுபடி களைகட்டும். ‘டஸ்டரா, டெக்டானா?’ என்று கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். “அது கிடக்கட்டும்ங்க... வெளிநாட்டுல விக்கிற டஸ்டர்ல இருக்கிறது எல்லாம் இதுல இருக்கான்னு கேட்டீங்களா?”