கியாமத்தின் அடையாளங்களும் நுரைச்சோலை வீடுகளும்

2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். "கியாமம்தான் வந்திட்டெண்டு நினைச்சம்" என்று அன்று ஓடித் தப்பியவர்கள் சொன்னதில் குற்றமில்லை. அந்தப் பயத்தைப் பயானாக்கியவர்கள் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

களுத்துறைக் கரையை அலை அடித்தபோது பிடிக்கப்பட்ட செய்மதிப் படத்தில் அல்லாஹ்வின் பெயர் தெரிவதாகச் சொல்லி, 2005இன் தொடக்கத்தில் அது கைக்குக் கை மாறியது. நுரையில் எழுத்துத் தேடியவர்களுக்கு, அலை கொண்டுபோனது பெரும்பாலும் கரையோரத்து ஏழைகளை என்பது கண்ணில் படவில்லை. "கடற்கரை ஆக்கள்ட பாவம்" என்றும் பேச்சு வந்தது. நீரில் மூழ்கி மௌத்தானவர் ஷஹீத் என்ற ஹதீஸை ஜனாஸா வீட்டில் சொல்லிவிட்டு மேடையில் ஏறி இப்படிப் பேச எப்படி மனம் வருகிறதோ!

இந்தப் பயான்களைக் கூர்ந்து கேட்டால், அடையாளங்களை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பது விளங்கும். பெண்களின் உடுப்பு வரும், பாட்டு வரும், உயர்ந்த கட்டிடங்கள் வரும், தஜ்ஜால் நிச்சயம் வருவான். ஆனால் ஒருவர் மறுமை எப்போது என்று கேட்டபோது, அமானிதம் பாழாக்கப்படுவதையும் பொறுப்பு தகுதியற்றவர் கைக்குப் போவதையுமல்லவா நபியவர்கள் சொன்னார்கள்? புஹாரியில் உள்ளதுதான். அதே கேள்வியோடு வந்த இன்னொருவரிடம், அதற்காக நீ எதைத் தயார் செய்து வைத்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார்கள்.

அமானிதம் பாழாவதைப் பார்க்க நாம் தூரம் போகத் தேவையில்லை. கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்றது அரசு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் நெருக்கியடித்த சனம். இப்படியான ஊர்களில் 200 மீற்றர் என்பது எவ்வளவு பெரிய துண்டு! அந்தச் சனத்துக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் 500 வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்துத்தான். முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுக்கக்கூடாது என்று வழக்குப் போட்டார்கள். எல்லா இனத்தாருக்கும் விகிதாசாரப்படி பங்கிட வேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் சரிபிழை தனிக் கட்டுரைக்குரியது. எந்த இனத்து ஏழையும் குடியேறாமல் அந்த வீடுகள் பத்து வருடங்களுக்கும் மேலாகப் பற்றை பிடித்துக் கிடந்ததை யாரும் மறுக்க முடியாது.

ஸூரத்துல் மாஊனில் ஏழே ஆயத்துகள். அரைவாசிப் பேர் தொழுகையில் ஓதுவது அதைத்தான், சின்னது என்பதால். தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவன் யாரென்று கேட்டுவிட்டு, அநாதையை விரட்டுபவனையும் ஏழையின் உணவுக்குத் தூண்டாதவனையும் அது காட்டுகிறது. அடையாளங்களின் பட்டியல் தெரியாதவனைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அந்த ஸூராவையும் நுரைச்சோலையையும் சேர்த்து வைத்துப் பேசிய ஒரு குத்பாவை நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டவர்கள் இருந்தால், எந்தப் பள்ளியில், எந்த வருடம் என்று எழுதுங்கள்.