வைத்தியும் வாழைப்பழமும் வல்வில் ஓரியும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பாதி தூரம் ஏறியதும் எங்களுக்கு முன்னால் ஒரு பழைய வேன் மாட்டிக்கொண்டது. பின்கதவு சரியாக மூடவில்லை, கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த இடுக்கில் துணி உறை போட்ட தவில் ஒன்று, வண்டி திரும்பும்போதெல்லாம் கதவில் வந்து முட்டியது. உள்ளே இருந்து ஒரு கை அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அடுத்த வளைவில் மறுபடி முட்டும். முந்த வழியில்லாததால் முக்கால் மணி நேரம் இதையேதான் பார்த்துக்கொண்டு போனேன்.

கூட வேலை பார்க்கும் பையனுக்கு திண்ணனூர் நாட்டில் கல்யாணம். (இந்த மலையில் ஊர்களைச் சேர்த்து 'நாடு' என்றுதான் சொல்கிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று வரிசையாக இருக்கின்றன. இன்றைய ஊராட்சிகளின் பெயரும் அதுவே.) அந்த வேனும் அதே கல்யாணத்துக்குத்தான் வந்திருந்தது என்பது அங்கே போன பிறகு தெரிந்தது. மலையடிவாரத்திலிருந்து கூப்பிட்ட நையாண்டி மேளம்.

இந்த மலைக்கு மேளக்காரர்கள் ஏறி வந்ததற்குக் குறைந்தது 1,800 வருட சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டு. பாடியவர் வன்பரணர். பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஞாபகம் இருக்கும்: ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்ப் புற்றுக்குள் இருந்த உடும்பில் குத்தி நின்றது. செம்மேட்டில் சிலையாக நிற்பதும் ஆடி மாதம் அரசு விழா எடுப்பதும் இந்த வில்லாளிக்குத்தான். எனக்கு அந்த அம்பு மேல் பெரிய பிரமிப்பு கிடையாது. பாட்டின் பின்பாதிதான் விஷயம்.

பசியோடு காட்டுவழியில் போகும் ஒரு குழு அந்த வேட்டைக்காரனைப் பார்க்கிறது. ஆள் யாரென்று தெரியவில்லை. விலைக்குக் கறி விற்கிறவன் மாதிரியும் இல்லை. ஓரியாக இருக்குமோ, இல்லையோ என்று சந்தேகம். எதுக்கும் பாடிப் பார்ப்போம் என்று தலைவர் முடிவு செய்கிறார். உடனே ஏற்பாடு நடக்கிறது. முழவுக்கு மண் பூசு, யாழைப் பண்ணுக்குச் சுருதி கூட்டு, யானைத் துதிக்கை மாதிரி இருக்கும் தூம்பை எடு, எல்லரி, ஆகுளி எல்லாம் வரட்டும், பதலையில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மெதுவாக. இன்றைக்கு மேடையில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிற குறிப்புகள் மாதிரியே இருக்கின்றன. 21 துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, கடைசியில் 'அரசன்' என்ற சொல்லுக்கு வருகிறார்கள். அது தன்னைக் குறிக்கும் சொல் என்பதால் கேட்டுக்கொண்டிருந்தவன் வெட்கப்பட்டுவிடுகிறான். 'நாங்கள் நாடு நாடாகச் சுற்றுகிறவர்கள், உன்னைப் போல் வேட்டுவன் எங்கேயும் இல்லை' என்கிறார்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாய் திறக்க அவன் விடவில்லை. தான் வேட்டையாடிய மான் கறி, உருக்கிய நெய் போன்ற மது, தன் மலையில் விளைந்த பொன், மணி எல்லாவற்றையும் அந்த நடுவழியிலேயே கொடுத்துவிடுகிறான்.

ஒரு கச்சேரியைப் பற்றித் தமிழில் இதைவிட நல்ல காட்சியை நான் படித்ததில்லை. யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. கேட்டவன் கூச்சப்படுகிறான், பாடினவர்கள் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதை நம்ம சினிமாவோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. தமிழ் சினிமாவுக்கு இசை என்றால் போட்டி. 'திருவிளையாடல்' (1965) படத்தில் பாணபத்திரர் வருகிறார். புராணத்தில் அவர் யாழ்ப்பாணர். படத்தில் டி.ஆர். மகாலிங்கத்தின் குரல் இருக்கிறது, பாலையாவின் கர்வமான ஹேமநாத பாகவதர் இருக்கிறார், சிவாஜி கையில் வீணை இருக்கிறது. யாழைக் காணோம். விபுலானந்தர் 'யாழ் நூல்' வெளியிட்டது 1947-இல். 18 வருஷம் கழித்தும் செட் போட்டவர்கள் வீணையோடு நிறுத்திக்கொண்டார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். கதை முழுக்க ஜெயிப்பது பற்றியே இருக்கிறது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நாதஸ்வரத்துக்கும் சலங்கைக்கும் போட்டி. 'சிந்து பைரவி' (1985) படத்தில் சுஹாசினி சபையிலேயே பாடகருக்குச் சவால் விடுகிறார். கரகாட்டக்காரன் (1989) கரகத்துக்குக் கரகம் போட்டி. எல்லாமே எனக்குப் பிடித்த படங்கள். மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்காக தில்லானாவை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. போட்டி இருந்தால் காட்சிக்கு ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் தானாக அமைந்துவிடும். திரைக்கதை எழுதுகிறவர்களின் கஷ்டம் புரிகிறது.

அப்படியானால் பாணர்களின் நிஜமான வாழ்க்கை, அதாவது பயணம், பசி, கூலி, அடுத்த ஊருக்கு யார் வழி சொல்வது, இதெல்லாம் சினிமாவில் எங்கே போயிற்று? கொஞ்ச நாளாக இதை யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது: அது முழுக்க நகைச்சுவை நடிகர்களிடம் போய்விட்டது.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசு பெற்ற கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனிடம் 'இன்ன வழியாகப் போ, இந்த ஊரில் இந்தச் சாப்பாடு கிடைக்கும், இன்னாரைப் பார்' என்று சொல்வது. மலைபடுகடாம் ஆரம்பிப்பதே வாத்தியங்களைப் பையில் போட்டுக் கட்டிய மூட்டைகளில்தான். பலாக் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல இருக்கிறதாம். (கொல்லிமலையில் பலா சீசனில் போனவர்கள் இந்த உவமைக்கு உரை தேட வேண்டியதில்லை.) இந்த வழிகாட்டியின் வேலையை தில்லானாவில் செய்வது யார்? நாகேஷின் வைத்தி. கலைஞரைப் புரவலரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதே வேலை. ஆனால் வைத்தி சிங்கபுரம் மைனரிடமும் மதன்பூர் மகாராஜாவிடமும் கமிஷனுக்காகக் கூட்டிக்கொண்டு போகிறான். ஆற்றுப்படை தரகாகக் கெட்டுப்போன கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. கொத்தமங்கலம் சுப்பு இதையெல்லாம் நினைத்துத்தான் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

கரகாட்டக்காரனில் இன்னும் நேரடி. கதாநாயகன் ஆடுவான், காதலிப்பான். குழுவின் கார் ஓடாமல் தள்ளுவதும், ஒரு ரூபாய்க்கு வாங்கின இரண்டு வாழைப்பழத்தில் ஒன்று எங்கே என்று அடித்துக்கொள்வதும் கவுண்டமணி–செந்தில் வேலை. நாம் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வாழைப்பழத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். யோசித்தால், ஊர் ஊராகச் சுற்றும் ஓர் ஆட்டக் குழுவின் சாப்பாட்டுக் கணக்கு அது.

சங்கப் பாட்டைத் தூக்கி வைத்து சினிமாவைக் குறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டும் பரிசுக்குப் பாடியதுதான். ஓரியைக் கொன்றவன் திருமுடிக்காரி. கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அந்தக் காரியையும் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் கொன்றவன், செத்தவன் இரண்டு பேரும் ஒரே வள்ளல் பட்டியலில் வருகிறார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

அடுத்த பாட்டு, 153, இன்னும் சங்கடமானது. கூத்தர் கூட்டம் ஓரியிடம் போய் வெள்ளி நாரில் தொடுத்த மணிக் குவளைப் பூ, நகை, யானை எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பியது. பசியே இல்லாமல் போனதாலோ என்னவோ, வாத்தியம் ஒலித்தும் ஆடவில்லை, பாட்டையும் மறந்துவிட்டார்கள் என்று முடிகிறது. ஓரியின் கொடைக்குப் புகழ்ச்சி என்றுதான் உரைகள் சொல்கின்றன. நானும் அப்படியே படித்து வைத்திருந்தேன்.

கல்யாண வீட்டுக்கு வருகிறேன். மேளக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி என்பது கீழே நான் பார்த்த வழக்கம். இங்கே பெண்ணின் தாத்தா, 'தூரம் ஏறி வந்திருக்காங்க, மொதல்ல அவங்க உக்காரட்டும்' என்று சொல்லிவிட்டார். ஆறு பேரும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள். வெற்றிலை போட்டார்கள். குளிர் வேறு. நாயனக்காரர் ஜமுக்காளத்தில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர், 'இதுக்குத்தான் முன்னாடி சோறு போடக் கூடாதுங்கறது' என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். தாத்தா அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. 153-இன் கடைசி வரிகள் அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டன. புகழ்ச்சியோ புகாரோ, பாடுகிறவன் பாடாமல் இருக்கிற ஒரு ராத்திரி கிடைத்தால் அது எவ்வளவு பெரிய பரிசு!

ஒரு மணி நேரம் கழித்து வாசித்தார்கள். பிரமாதமாக வாசித்தார்கள். அந்தத் தவில்காரரின் இடது கைக் குச்சி விழுந்த வேகத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. நாற்பது நிமிடம் போனில் பிடித்தேன். முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வந்தார். 'சார், அத எனக்கு அனுப்பறீங்களா? எங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல.' சிக்னல் இல்லை. கீழே போய் அனுப்புகிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டேன்.

ஃபைல் பெரிது, வாட்ஸ்அப்பில் போகவில்லை, அப்புறம் வேலை. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் மறுபடி தேடினேன். 'தவில் கொல்லிமலை' என்று சேமித்திருக்கிறேன். பேரைக் கேட்கவே இல்லை. நேற்று ராத்திரி மூன்று துண்டாக வெட்டி அனுப்பினேன். ஒற்றை டிக்கில் நிற்கிறது.