துளையை அகலமாக்கினால் போதுமா?

பெட்ரோல் காரை எத்தில் ஆல்கஹாலில் ஓட்டுவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு கட்சியினர். கார்புரேட்டர் ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினால், புதிய வண்டியானால் எரிபொருள் தெளிப்பானைச் சற்று அதிக நேரம் திறக்கச் செய்தால், வேலை முடிந்தது என்பது ஒரு கட்சி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல் ஆற்றல் இருக்க, ஆல்கஹாலில் 21 மெகா ஜூல்தான் உண்டு. ஆகவே எஞ்சினின் திறனும் மூன்றில் இரண்டு பங்காகிவிடும் என்பது மறு கட்சி. இரண்டுமே கணக்கைப் பாதியில் நிறுத்தியதால் வந்த முடிவுகள்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். எஞ்சின் எரிபொருளை மட்டும் உறிஞ்சுவதில்லை; காற்றையும் உறிஞ்சுகிறது. 1 கிலோ பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆல்கஹாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். எனவே 1 கிலோ கலவை தரும் வெப்பம் இரண்டிலும் ஏறத்தாழ 2.7 மெகா ஜூலே. திறன் குறைவதில்லை, எரிபொருட் செலவுதான் கூடுகிறது. அடர்த்தியையும் கணக்கில் சேர்த்தால், அதே அளவு காற்றுக்கு ஒன்றரை மடங்கு ஆல்கஹால் வேண்டும். (இதைக் கேட்டுவிட்டுத் துளையின் விட்டத்தை ஒன்றரை மடங்காக்கிவிடக் கூடாது. பாய்வு பரப்பைப் பொறுத்தது. விட்டம் 22 சதவீதம் கூடினால் போதும்.)

ஆனால் துளையோடு நின்றுவிட்டால் ஆல்கஹாலின் உண்மையான சிறப்பு வீணாகிறது. உருளைக்குள் கலவையை மிகவும் அமுக்கினால் பெட்ரோல் தானே பற்றிக்கொண்டு ‘நாக்கிங்’ எனும் தட்டல் உண்டாகும். ஆல்கஹால் அதற்கு எளிதில் இடங்கொடாது. அமுக்க விகிதம் 7.5 ஆக இருந்தால் இலட்சிய எஞ்சினின் பயனுறுதிறன் 55 சதவீதம்; 12 ஆக இருந்தால் 63 சதவீதம். நடைமுறையில் இரு எண்களுமே வெகுவாகக் குறையும் என்றாலும் ஆதாயம் ஆதாயமே. பழைய பெட்ரோல் எஞ்சினில் இதைப் பெற சிலிண்டர் ஹெட்டைச் சீவவோ பிஸ்டனை மாற்றவோ வேண்டும். அதைச் செய்யாமல் ‘ஆல்கஹால் அதிகம் குடிக்கிறது’ என்று குறைகூறுவது நியாயமன்று.

பிரேசில் இதை அனுபவத்தில் கற்றது. 1975இல் அங்கே தேசிய ஆல்கஹால் திட்டம் தொடங்கியது. 1979இல் ஆல்கஹாலுக்கென்றே கட்டிய ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. அமுக்க விகிதத்தை உயர்த்தினார்கள். நீர் கலந்த ஆல்கஹால் கார்புரேட்டரை அரித்தது. நிக்கல் முலாம் பூசினார்கள். இன்னொரு தொல்லை குளிர். ஆல்கஹால் ஆவியாக வேண்டிய உள்ளுறை வெப்பம் பெட்ரோலுக்கு வேண்டியதைப்போல் இரு மடங்குக்கும் மேல். சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே தீப்பற்றும் அளவுக்கு ஆவியே எழாது. தென் பிரேசிலின் குளிர்கால விடியலில் வண்டியைக் கிளப்ப, தனியே ஒரு சிறு பெட்ரோல் தொட்டி வைத்தார்கள். எளிய வழி, ஆனால் எந்தத் துளையும் செய்துவிட முடியாத வேலை.

2003இல் அங்கு வந்த, எந்த விகிதக் கலவையிலும் ஓடும் ஃபோக்ஸ்வாகன் கோல் காரையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். பெட்ரோலுக்கும் இடம் வைத்தாக வேண்டியிருந்ததால், ஆல்கஹால் அனுமதிக்கும் எல்லைவரை அதன் அமுக்கத்தை உயர்த்த முடியவில்லை.