முகாமுகமும் அதன் விமரிசகர்களும்

திருவனந்தபுரத்தில் கட்சி அபிமானமும் கலை அபிமானமும் ஒருங்கே உடையவர்கள் கூடி சினிமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களை இரு தரப்பாகப் பிரித்துவிடக்கூடிய படம் ஒன்று உண்டு. அது அடூர் கோபாலகிருஷ்ணன் 1984-இல் இயக்கிய 'முகாமுகம்'. 1965-இல் இந்நகரில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முக்கியமானவரும், நல்ல சினிமாவைப் பார்க்கும் பழக்கத்தையே கேரளத்துக்கு உண்டாக்கித் தந்தவர்களில் ஒருவருமாகிய அவர், புரட்சித் தலைவன் ஒருவனைக் கதாநாயகனாக வரித்துக்கொண்டபோது, சிறந்த இயக்கத்துக்கும் சிறந்த திரைக்கதைக்கும் தேசிய விருதுகள் வந்து சேர்ந்தன. அதே வேளையில் கேரளத்து இடதுசாரி விமரிசகர் பலர் அதைக் கம்யூனிஸ்ட் விரோதப் படம் என்று கண்டித்தார்கள். கண்டனம், பாராட்டு ஆகிய இரண்டின் குணதோஷங்களையும் நிதானமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இன்னும் தீரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கதை சுருக்கமானது. ஓட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஸ்ரீதரன், முதலாளி கொலையுண்டதும் தலைமறைவாகிறான்; இறந்துவிட்டான் என்றே ஊர் நம்பி அவனுக்கு நினைவுச் சின்னமும் எழுப்பிவிடுகிறது. கம்யூனிஸ்ட் கட்சி பதவி ஏறி, இறங்கி, 1964-இல் இரண்டாகப் பிளந்தும் போன பிறகு அவன் திரும்பி வருகிறான். வந்தவன் பேசுவதில்லை; குடிக்கிறான், உறங்குகிறான். முடிவில் யாராலோ கொல்லப்படுகிறான். உயிரோடிருந்த ஸ்ரீதரனைச் சகிக்க முடியாமல் தவித்தவர்கள், மாண்ட ஸ்ரீதரனின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்.

இதைக் கண்ட இடதுசாரி விமரிசகர்கள் கோபங்கொண்டதை அற்பமான சகிப்பின்மை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. புன்னப்புர-வயலார் தொழிலாளர் எழுச்சியில் 1946-இல் சிந்திய இரத்தத்தை நேரில் கண்டவர்களும், தலைமறைவு வாழ்க்கையில் உடல் நலிந்தவர்களும் அன்று உயிரோடிருந்தார்கள். நாடகமும் பாட்டும் இயக்கத்தின் படைக்கலங்களாய் விளங்கிய நாட்டில், 1952-இல் மேடையேறிய 'நிங்களென்னை கம்யூனிஸ்டாக்கி' போன்ற நாடகங்கள் ஊர் ஊராய்ச் சென்று மக்களைத் திரட்டிய நாட்டில், கலையைப் பொது வாழ்வின் வாக்குமூலமாகக் கருதிக் கணக்குக் கேட்பது இயல்பான காரியம். ஒரு திரைப்படத்தை அவ்வளவு பொறுப்போடு எதிர்கொண்ட விமரிசன மரபு இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது. தமிழில் நாம் தலைவர்களைப் பற்றிய படங்களைத் துதிபாடியோ தூற்றியோ முடித்துவிடுகிறோம். அப்படங்களின் அமைப்புக்கும் அவை சொல்லும் வரலாற்றுக்கும் உள்ள உறவை யாரும் கேட்பதில்லை என்பதை நினைக்கும்போது, அந்தக் கோபத்தின் மேல் எனக்கு மரியாதையே உண்டாகிறது.

ஆயினும் அந்த விமரிசனத்தின் பெருங்குறை, படத்தின் முற்பகுதியை அது உற்றுப் பாராமல் போனதுதான். அங்கே ஸ்ரீதரன் நம் முன் நேராக நிற்பதில்லை. பத்திரிகைச் செய்திகள், நிழற்படங்கள், பழகியவர்களின் ஞாபகங்கள் ஆகியவற்றின் வழியாகவே அவன் கொஞ்சங் கொஞ்சமாக உருத்திரள்கிறான். அந்தச் சாட்சியங்களைக் கூட்டி வைத்தாலும் ஒரு முழு மனிதன் கிடைப்பதில்லை. அவரவர் தேவைக்கேற்ற ஸ்ரீதரனை அவரவர் வைத்திருக்கிறார்கள் என்பதே தெரிகிறது. இவ்வாறு பிறர் நினைவில் மட்டுமே வாழ்ந்த ஒருவன் பிற்பகுதியில் சதையும் எலும்புமாய் வந்து படுத்துக்கொள்கிறபோது, சுற்றியிருப்போர் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று காத்துக் கிடக்கும் காட்சிகள் அவனைவிட அவர்களையே நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன. நிஜ வாழ்வில், கேரளக் கம்யூனிஸ்ட் தலைவரான தோழர் பி. கிருஷ்ண பிள்ளை 1948 ஆகஸ்ட் 19-இல் முஹம்மாவில் தலைமறைவாயிருந்தபோது பாம்பு தீண்டி மறைந்தார்; கட்சியின் பிளவையோ பதவியின் களைப்பையோ காணாமலே போன அவர் பிம்பத்தில் இன்றுவரை ஒரு கீறலும் விழவில்லை. சமுத்திரக்கனி அவராக நடித்து 2014-இல் வந்த 'வசந்தத்தின்றெ கனல் வழிகளில்' அந்தப் பக்தியின் வழியிலேயே சென்றது. அப்படிப்பட்ட ஒருவர் திரும்பி வந்தால் நாம் என்ன செய்வோம் என்ற பயங்கரமான கேள்வியை அடூர் கேட்டார். அதைத் துரோகம் என்று மட்டும் புரிந்துகொண்டது விமரிசகர்களின் பிழை.

பாராட்டியவர்களின் தவறு வேறு வகையானது. திரும்பி வந்தவன் மக்கள் மனத்தின் சிருஷ்டியாகவே இருக்கலாம் என்ற விளக்கத்தைப் பற்றிக்கொண்டு, இது அரசியல் படமே அல்ல, மனோதத்துவப் படம் என்று அவர்கள் ஒதுங்கினார்கள். பொதுவுடைமை இயக்கத்தோடு இளமை முதலே உறவுகொண்டவரும், 'பாதை தெரியுது பார்' படத்தின் மூலம் தமிழர் நன்கறிந்தவருமான எம். பி. சீனிவாசன் இதற்கு இசையமைத்தார் என்பதால் படம் குற்றமற்றதாகிவிடும் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் கட்சிக்கொடியும் ஊர்வலமும் 1964-ஆம் ஆண்டின் பிளவும் இல்லாமல் நிற்கவே முடியாத ஒரு கதையை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று சொல்வது படத்தையே சிறுமைப்படுத்துவதாகும்.

உண்மையில் கேட்கப்பட வேண்டிய ஆட்சேபம் ஒன்று இருந்தது. 1957 ஏப்ரல் 5-இல் ஈ. எம். எஸ். தலைமையிலான கேரளக் கம்யூனிஸ்ட் மந்திரிசபை பதவியேற்றதும், நிலச் சட்டமும் கல்வி மசோதாவும், அவற்றுக்கெதிராகக் கிளர்ந்த விமோசன சமரமும், 1959 ஜூலை 31-இல் அரசு கலைக்கப்பட்டதுமான அந்த ஆண்டுகள் படத்தின் மையத்தில் இல்லை. ஸ்ரீதரன் மறைந்திருந்த காலத்தின் வரலாறு விடப்பட்டதால், அவன் சரிவு காரணமற்ற ஒரு தனிமனித நோய் போலத் தோன்றிவிடுகிறது; முற்பகுதியில் உழைக்கும் கூட்டமாயிருந்த தொழிலாளர்கள் பிற்பகுதியில் தலைவனைக் காண வரும் பார்வையாளர்களாகக் குறுகிவிடுகிறார்கள். இதுவே படத்தின் பலவீனம். விசுவாசத்தை மட்டும் அளந்த விமரிசகர்கள் இதன் அருகே வந்தும் தொடாமல் போனார்கள்.

ஸ்டீவன் சோடர்பெர்க் 2008-இல் எடுத்த 'சே' படத்துக்கும் இதே விதி நேர்ந்தது. க்யூபாவின் வெற்றியை ஒரு பாகமாகவும் பொலிவியாவின் தோல்வியை மற்றொரு பாகமாகவும் நாலு மணி நேரத்துக்கு மேல் விரித்த அந்தப் படத்தை, வெற்றிக்குப் பின் நடந்த மரண தண்டனைகளைக் காட்டவில்லை என்று ஒரு சாராரும், சேகுவாராவின் உள்ளத்துக்குள் புகவில்லை என்று மற்றொரு சாராரும் குறைகூறினார்கள். இருவரும் தாம் எதிர்பார்த்த தலைவனைத் தேடினார்கள்; வெற்றியும் தோல்வியும் அருகருகே வைக்கப்பட்டதன் பொருளைத் தேடியவர்கள் குறைவு.

என் தீர்ப்பு இது: 'முகாமுகம்' குறையுடைய பெரும் படம், அதைக் கண்டித்தவர்கள் சரியான இடத்தில் கோபித்து, தவறான காரணத்தைச் சொன்னார்கள், போற்றியவர்கள் சரியான காரணத்தைக் கண்டுகொண்டு, கேள்வியை விட்டுவிட்டார்கள்.