செவுள் மடிப்பும் வம்சாவளியும்

கம்பைநல்லூரிலிருந்து விலங்கியல் படிக்கப் போகும் மாணவருக்குக் கடல் வெகுதூரம். ஆசிடியன் என்னும் கடல் பீச்சியை அவர் பெரும்பாலும் ஹெர்ட்மேனியா பாடத்திலும் பார்மலின் புட்டியிலும்தான் காண்பார். அந்தப் பேரினம் யார் பெயரைத் தாங்குகிறதோ அந்த ஹெர்ட்மன், மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளை 1902இல் ஆராய்ந்தவர். செல்லுலோஸ் கலந்த மேலுறை, நீர் நுழையவும் வெளியேறவும் இரு குழல்கள், நடுவே ஆயிரம் துளைகளோடு செவுள்கூடை என்று அமைந்த இவ்வுடலை வகைப்படுத்த, 1886இல் லாஹில் செவுள்கூடையையே அளவுகோலாகக் கொண்டார். அதன் சுவர் எளிதாக இருந்தால் அப்லூசோபிராங்கியா, உட்புறம் நெடுக்கு நாளங்கள் ஓடினால் பிளெபோபிராங்கியா, சுவரே மடிந்திருந்தால் ஸ்டோலிடோபிராங்கியா. ஹெர்ட்மேனியா மூன்றாவதில் சேரும். இம்முறையின் பெரும்பலம், கத்தியும் நுண்ணோக்கியும் போதும் என்பது. பார்மலினில் பல்லாண்டு கிடந்த உடலில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும், மடிப்பு அப்படியே இருக்கும். கடலில்லாத மாவட்டத்துக் கல்லூரிக்கு இது சிறிய வசதியன்று.

ஆனால் இனங்காண உதவும் அடையாளத்தை உறவுக்குச் சான்றாகவும் கற்பிப்பது தவறு. முதிர்ந்த உடலை மட்டும் பார்த்தவர்கள் இவ்வுயிரை மெல்லுடலிகளோடு சேர்த்தார்கள். 1866இல் கோவலெவ்ஸ்கி லார்வாவின் வாலில் முதுகுநாணைக் கண்ட பிறகே, இது நமக்கு உறவு என்பது தெரிந்தது. அந்த நாண் உருமாற்றத்தில் மறைந்துவிடும். புட்டியில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. 2018இல் வெளியான மரபணு ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. மிதந்து வாழும் சால்பாக்கள் தனி வகுப்பாக நிற்கவில்லை, ஆசிடியன்களின் கிளைகளுக்குள்ளேயே அமர்ந்தன. ஆகவே ஆசிடியேசியா என்ற வகுப்பு முழுக்குடும்பம் அன்று. பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் வழக்கத்தை வைத்து நாம் இட்ட வேலி.

அப்படியானால் உடற்கூற்றை விட்டுவிடலாமே என்று கேட்கலாம். சியோனா என்னும் ஆசிடியன் அதற்கு விடை. 2002இல் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்ட சியோனா இண்டெஸ்டினாலிஸ், உண்மையில் இரண்டு இனங்களின் கலவைப் பெயர் என்று டி.என்.ஏ. ஐயம் எழுப்பியது. 2015இல் உடலை மீண்டும் நுணுகிப் பார்த்தபோது, குழல்மேல் உள்ள சிறு முண்டுகள் அந்த வேறுபாட்டுக்குச் சாட்சி சொல்லின. வரிசைப்படுத்தப்பட்டது சியோனா ரோபஸ்டா என்றானது. எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு உடல் பொய் சொல்லவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலடியில் ஒட்டி வந்த அயலினத்தைப் பிரித்தறியவும் இந்தக் கண்தான் முதலில் வேண்டும். எனவே லாஹிலின் மூன்று வரிசைகளைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டாம். இனங்காணும் திறவுகோல் என்று பெயரிட்டு, அதே பக்கத்தில் லார்வாவின் படத்தையும் புதிய வம்சமரத்தையும் அச்சிட வேண்டும்.