வானமும் படிக்கட்டும்

கட்டடத்தையும் ஓர் இலக்கியப் படைப்பைப்போல் வாசிக்க இயலும். அவ்வாறு வாசிப்போர்க்கு, அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஃபாக்ஸ் திரையரங்கு வியப்பையும் கலக்கத்தையும் ஒருங்கே தருகிறது.

ஷ்ரைனர் சங்கத்தார் தாங்கள் கூடும் மாளிகையாக எழுப்பத் தொடங்கியது அது. செலவு கைமீறவே, திரைப்பட அதிபர் வில்லியம் ஃபாக்ஸுக்குக் குத்தகைக்கு விட்டனர். பங்குச் சந்தை சரிந்து இரண்டே மாதங்களில், 1929 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு நாளில், அரங்கம் திறக்கப்பெற்றது. வெளியே குவிமாடமும் தூபிகளும். உள்ளே 4,600-க்கும் மேற்பட்ட இருக்கைகள். அவற்றைச் சூழ்ந்து கீழைநாட்டுக் கோட்டையின் முற்றம். தலைக்குமேல் விண்மீன்கள் மின்னும் நீல இரவு. துணிக்கூடாரமாகத் தோன்றுவதோ சாந்தாலும் இரும்பாலும் ஆகியது. எளியோர், செல்வர் யாவரையும் சில மணி நேரம் அரண்மனைவாசிகளாக்குவதே இத்தகைய அரங்குகளின் கனவு.

யாவரையுமா? இனப்பிரிவினை நிலவிய அந்நாள்களில், கறுப்பின மக்கள் வெளிப்புறப் படிக்கட்டில் ஏறி, உச்சி மாடத்தில் தனியே அமர வேண்டியிருந்தது. வானம் ஒன்று, வாயில்கள் இரண்டு.

தொலைக்காட்சி பரவி, குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தபின் அரங்கம் நலிந்தது. 1970-களின் நடுவில், தொலைபேசி நிறுவனமொன்று அங்கே தலைமையகம் எழுப்ப விழைந்தது. அரங்கை இடிப்பதற்கு எதிராக மக்கள் திரண்டனர். 1975-இல் ‘அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு கடன்பட்டு அதனைக் கைக்கொண்டது. நன்கொடைகள் குவிந்தன, லினர்ட் ஸ்கினர்ட் இசைக்குழுவும் 1976-இல் அங்கே இசை நிகழ்த்தித் துணைநின்றது. 1978-இல் கடன் முழுவதும் அடைந்தது.

புதுப்பித்தோரின் கலைநேர்மை பாராட்டுக்குரியது. வண்ணங்களும் அறைகலன்களும் பழைய வனப்பை மீண்டும் பெற்றன. மாபெரும் ஆர்கன் இசைக்கருவியும் மீண்டும் ஒலிக்கிறது. ஆயினும் திறனாய்வாளர் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு: பழமையை மீட்கிறோமெனில், எந்தப் பழமையை? சாந்தையும் வண்ணத்தையும் 1929-க்குத் திருப்பலாம். மனித உறவுகளைத் திருப்பலாகாது. 1929-இல் அரங்கைக் கட்டியது ஒரு சங்கம். 1975-இல் காத்ததோ ஒரு நகரம். ஆதலின், மூலப்படைப்பினும் மீட்பே மேலானது என்பது என் துணிபு.

எனவே, விண்மீன்களைக் காட்டுவோர் அப்படிக்கட்டையும் காட்டி அதன் கதையைச் சொல்லல் வேண்டும். அழகை மட்டும் நினைவுகூர்ந்து அநீதியை மறப்பது புதுப்பித்தலாகலாம், மீட்பாகாது. நாம் பேணிக்காக்கும் பழைய கட்டடங்களிலும், யார் எவ்வழியே நுழைந்தனர் என்று கேட்டறிவது நம் கடனன்றோ?