கல்லில் வளர்ந்த வைரம்

செம்மரத்தை அறுத்த முகத்தில்தான் பார்க்கவேண்டும். விளிம்பில் விரற்கடை வெள்ளை, உடனே கருஞ்சிவப்பு. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை, கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்கும். எங்கள் மணவூரிலிருந்து வடக்கே திருத்தணியைத் தாண்டினால் நகரி மலை, அதற்கப்பால் சேஷாசலம். இந்த மரம் தானாக முளைத்து வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் அந்தத் தென்பகுதியில்தான். மண்ணென்று சொல்லவே முடியாத பாறைச் சரிவு. தொடைப் பருமன் வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். ஆனால் அப்படி வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் முழுகிவிடும்.

அதே விதையை வண்டல் மண்ணில் நட்டுச் சொட்டுநீர் விடுங்கள். கிடுகிடுவென்று உயரும், சுற்றளவும் கூடும். பதினைந்து வருஷத்தில் அறுத்தால் பெரும்பாலும் வெள்ளைதான். கன்று விற்பவர்கள் சுற்றளவைச் சொல்லித்தான் விற்கிறார்கள், வைரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

தேக்குப் பிரியர்களோடு எனக்குச் சண்டையில்லை. உளிக்கு இணங்கும், நிலைவாசலுக்கு அதற்கு ஈடில்லை. ஆச்சாவின் பெருமையும் தெரியும். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பழைய வீட்டு ஆச்சா உத்திரத்தைத் தேடிப் போகிறார்களே, அந்தத் தேட்டமே அதற்குச் சான்று. ஆனாலும் அலை விழுந்த செம்மரத்தை இழைத்துப் பார்த்தவருக்கு வேறெதுவும் கண்ணில் நிற்காது. ரேகை நேராக ஓடாமல் நெளிந்து நெளிந்து போகும். இழைப்புளி அங்கங்கே எதிர்க்கும், அவசரப்பட்டால் சிராய் பெயரும். பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினால், கட்டையைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் அதன்மேல் புரளும். ஜப்பானில் ஷாமிசென் வாத்தியத்தின் கழுத்துக்குச் செம்மரத்தைத்தான் உயர்வாக மதிக்கிறார்கள். எல்லா மரத்திலும் அலை விழுவதில்லை. அந்த அபூர்வமே அதற்கு எமனுமானது. 1995-இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்த பிறகும் திருட்டு வெட்டு ஓயவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் செம்மரம் இருந்தது மரப்பாச்சியாகத்தான். திருப்பதி போனவர்கள் ஜோடியாக வாங்கி வருவார்கள். குழந்தைக்கு வீக்கமென்றால் பாட்டி அதையே கல்லில் உரைத்துப் பற்றுப் போடுவாள். மூக்கும் முழியும் தேய்ந்த பிறகும் கனம் மட்டும் குறையாது. இப்போது கொலுக்கடைகளில் வருவதெல்லாம் ஏதோ லேசான கட்டை, மேலே சிவப்புச் சாயம். கையிலெடுத்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வாங்குபவர்கள் முகத்தையும் ஜிகினாச் சேலையையும் பார்க்கிறார்கள். என்ன கட்டை என்று ஒருவரும் கேட்பதில்லை.